சொல்லிவிட்டுப் போங்கள்



ஆண்டு ஒன்றில் பிள்ளையைச் சேர்க்கப்போகிற தாய்மார் என்னைக் கண்டால் கேட்பது ஒரே கேள்விதான். "ரீச்சர், இவன் என்னை விட்டிட்டு இருப்பானோ?" பெயர் பதிந்தாயிற்று. சீருடை தைத்தாயிற்று. சப்பாத்தும் வாங்கியாயிற்று. இந்தக் கேள்வி மட்டும் மனதுக்குள் கிடந்து அரிக்கிறது. இந்த மாதம் இதைப் பற்றித்தான் உங்களோடு பேசப்போகிறேன்.

நான் வன்னியில் நீண்ட காலம் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். இடம்பெயர்ந்த இடங்களில் மரத்தடியில் படிப்பித்திருக்கிறேன். 2009இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் பிள்ளைகளை வைத்துப் பாட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மீள்குடியேறிய பிறகு சீமெந்து நிலமும் ஓட்டுக்கூரையும் உள்ள கட்டடத்திலும் படிப்பித்தேன். இடங்கள் மாறின. முதல் கிழமை அழுகை மட்டும் எங்கும் ஒன்றுதான். அழுகிற பிள்ளை பிழையான பிள்ளை அல்ல. தன் அம்மாவை நம்புகிற பிள்ளை, அவ்வளவுதான்.

நாலு மணித்தியாலமா, பத்து மணித்தியாலமா?

பெரும்பாலான பாடசாலைகளில் ஆண்டு 1, 2 பிள்ளைகளுக்குக் காலை 7.30 மணிக்குத் தொடங்கி 11.30 மணியளவில் வகுப்பு முடிகிறது. உங்கள் பாடசாலையில் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டு அறிந்து வையுங்கள். கடிகாரத்தில் பார்த்தால் நாலு மணித்தியாலந்தான். முன்பள்ளியில் இருந்ததைவிடக் கொஞ்சந்தான் கூட.

ஆனால் எங்கள் பெண்களில் எத்தனை பேர் 11.30 மணிக்குப் பாடசாலை வாசலில் நிற்கக்கூடியவர்கள்? ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் விடியப் பஸ் ஏறிப் பொழுதுபடத்தான் இறங்குகிறார்கள். தோட்டக் கூலிக்கும் வயல் வேலைக்கும் போகிறவர்களுக்கும் அதே கதைதான். குடும்பத்தைத் தனியாகச் சுமக்கிற பெண்ணுக்கு ஒருநாள் வேலையை விட்டால் ஒருநாள் அடுப்பு எரியாது. ஆகவே அம்மா இல்லாத நேரத்தைச் சேர்த்துப் பார்த்தால் பிள்ளைக்கு அது பத்து மணித்தியால நாள். பிள்ளையைப் பழக்கும்போது அந்த முழு நாளுக்கும் பழக்க வேண்டும். வாசலில் விட்டதோடு எங்கள் வேலை முடிவதில்லை. பாடசாலை விட்டதும் யார் வாசலில் நிற்பார், எந்த வீட்டில் சாப்பாடு, எங்கே படுத்து எழும்புவது, அம்மா எப்போது வருவா என்பதெல்லாம் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு அம்மம்மாவின் கதை

எங்கள் பிரதேசத்தில் ஒரு அம்மம்மா இருக்கிறார். மகள் தொழிற்சாலைக்குப் போக, பேரனை வளர்ப்பவர் இவர்தான். இவருடைய மூத்த மகன் 2009ஆம் ஆண்டு மாசி மாதம் தண்ணீர் எடுக்கப் போனவர். "போயிட்டு வாறன் அம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனவர். இன்றுவரை வரவில்லை. அந்த நாள்முதல் அந்த வீட்டில் யாரும் "போயிட்டு வாறன்" என்று சொல்வதில்லை. சொல்லாமலே படலையைத் திறந்துகொண்டு போய்விடுவார்கள்.

பேரன் ஆண்டு ஒன்றுக்குப் போன முதல் நாளே அம்மம்மா பாடசாலை வேலியோடு நின்றுவிட்டார். வெயில் ஏறியும் போகவில்லை. பிள்ளை யன்னலால் அவரைப் பார்ப்பான். அவர் கண்ணைத் துடைப்பார். இவன் விம்மத் தொடங்குவான். நாலாம் நாள் வகுப்பாசிரியை என்னைக் கூப்பிட்டு, "அக்கா, இந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பயம் இல்லை. வெளியில் நிற்கிற அம்மம்மாவுக்கு என்ன நடக்குமோ என்றுதான் பயப்படுகிறான்" என்றார். சரியாகக் கண்டுபிடித்திருந்தார்.

நாங்கள் அம்மம்மாவைத் துரத்தவில்லை. அதிபரிடம் அனுமதி எடுத்து முதல் மூன்று நாள் வகுப்புக்குள்ளேயே பின்பக்கத்தில் பாய் போட்டு இருத்தினோம். பிறகு மூன்று நாள் விறாந்தையில். அதன்பிறகு வாசல் வேப்பமரத்தடியில். அடுத்த கிழமை சந்திக் கடை வாங்கில். கடைசியில் வீட்டில். ஒவ்வொரு நாளும் காலையில் அவர் பேரனிடம், "ராசா, நான் இன்டைக்கு வேப்பமரத்துக்குக் கீழ இருப்பன். மணி அடிச்சதும் வாசலுக்கு வருவன்" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சொன்ன இடத்தில் இருக்க வேண்டும். சொன்ன நேரத்தில் வர வேண்டும். இது ஒன்றுதான் நாங்கள் போட்ட சட்டம். ஒருநாள் பிள்ளை இடையில் எழுந்து, "நான் ஒருக்காப் பாத்திட்டு வரட்டோ?" என்று கேட்டான். ஆசிரியை விட்டார். ஓடிப்போய்ப் பார்த்தான். அம்மம்மா சொன்னபடியே மரத்தடியில் இருந்தார். திரும்பி வந்து இருந்து படம் கீறினான். பிறகு பார்க்கப் போகவே இல்லை.

மூன்று கிழமை எடுத்தது. அதற்குப் பிறகு ஒருநாள் அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "பிள்ளை, அவன் ஒவ்வொரு நாளும் போறான், ஒவ்வொரு நாளும் திரும்பி வாறான். எனக்கும் இப்ப நெஞ்சு கொஞ்சம் நம்புது."

ஒளித்துப் போக வேண்டாம்

இதிலிருந்து நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொள்ளக்கூடிய முதல் பாடம், பிள்ளையிடம் சொல்லாமல் போகக்கூடாது என்பதுதான். பிள்ளை விளையாட்டில் பிராக்காக இருக்கும்போது மெல்ல நழுவிவிட்டால் அழுகை மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். அன்றைக்கு மிச்சந்தான். ஆனால் நிமிர்ந்து பார்க்கிற பிள்ளைக்கு அம்மா திடீரென்று காணாமற்போன மாதிரி இருக்கும். அடுத்த நாள் அது உங்கள் சட்டையை விடாது. வீட்டிலும் நீங்கள் கிணற்றடிக்குப் போனால் பின்னாலேயே வரும். எங்கள் வீடுகளில் "காணாமற்போதல்" என்பது வெறும் சொல் அல்ல. பெரியவர்கள் பேசுவதைக் கேட்டே வளர்கிற பிள்ளைகள் இவர்கள்.

ஆகவே குனிந்து, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "அம்மா வேலைக்குப் போயிட்டு வாறன். மத்தியானம் பெரியம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு போவா. விளக்கு வைக்கிற நேரம் நான் வந்திடுவன்" என்று சொல்லுங்கள். ஒருதரம் கொஞ்சுங்கள். திரும்பி நடவுங்கள். அழுதால் ஆசிரியை பார்த்துக்கொள்வார். படலைவரை போய்த் திரும்பி வந்து மறுபடி கொஞ்சினால் அழுதால் அம்மா வருவா என்று பிள்ளை படித்துக்கொள்ளும்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு மணிக்கூடு விளங்காது. "பதினொன்றரைக்கு வருவன்" என்பதைவிட, "சாப்பாட்டு மணி அடிக்கும், சாப்பிடுவீங்கள், பிறகு கொஞ்சம் படிப்பீங்கள், பிறகு மணி அடிக்கும், அப்ப பெரியம்மா வாசலில் நிற்பா" என்று நடக்கிற ஒழுங்கில் சொல்லுங்கள். அது விளங்கும். நிறைவேற்ற முடியாத வாக்குக் கொடுக்க வேண்டாம். வர முடியாத அம்மா "நான் வாறன்" என்று சொல்லி ஏமாற்றுவதைவிட, "இன்டைக்கு நான் வரமாட்டன், மாமி வருவா" என்று உண்மையைச் சொல்வது பிள்ளைக்கு ஆறுதல்.

ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள்

வருடம் தொடங்குகிற தை மாதம் 31ஆம் திகதிக்கு 5 வயது பூர்த்தியான பிள்ளைகளே ஆண்டு ஒன்றில் சேர்க்கப்படுகிறார்கள். கொரோனாவுக்குப் பின்னர் சில வருடங்கள் பாடசாலை தொடங்குவது பின்தள்ளிப் போயிருந்தது. 2025இல் மறுபடி தை மாதத்துக்கு வந்தது. ஆகவே கார்த்திகை, மார்கழியில் மழைக்குள் வீட்டில் அடைந்து கிடக்கிற நாட்களே பழக்குவதற்கு நல்ல நாட்கள்.

நித்திரையில் தொடங்குங்கள். இந்த வயதுப் பிள்ளைக்கு ஒருநாளில் 10 மணித்தியாலத்துக்குக் குறையாத நித்திரை வேண்டும். காலை 6 மணிக்கு எழும்ப வேண்டுமானால் இரவு 8 மணிக்கே பாயில் படுக்க வேண்டும். ஒரேயடியாக மாற்ற முடியாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருதரம் கால் மணித்தியாலம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். படுக்கப்போவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் தொலைபேசியையும் ரீவியையும் நிறுத்திவிடுங்கள்.

கைவேலைகளைப் பழக்குங்கள். தெறி பூட்டுதல், சப்பாத்துப் போடுதல், தண்ணிப் போத்தல் மூடியைத் திறந்து மூடுதல், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து தன் கையால் சாப்பிடுதல் ஆகியவற்றைப் பிள்ளை தானே செய்ய வேண்டும். வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால் ஆசிரியை ஒவ்வொருவருக்கும் தீத்திவிட முடியாது. இறுக்கமான மூடியுள்ள வடிவான பெட்டியைவிட, பிள்ளை திறக்கக்கூடிய பழைய பெட்டி நல்லது.

மலசலகூடத்துக்குப் போக வேண்டும் என்று வாயால் கேட்கப் பழக்குங்கள். பல பிள்ளைகள் முதல் கிழமை அடக்கிவைத்து, காற்சட்டையில் போய், வெட்கத்தில் அடுத்த நாள் வரமாட்டேன் என்கிறார்கள். "ரீச்சர், எனக்கு ஒண்டுக்குப் போகவேணும்" என்று வீட்டில் விளையாட்டாகச் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள். பாடசாலையில் மலசலகூடம் எங்கே என்று முன்கூட்டியே காட்டுங்கள். பையில் ஒரு மாற்றுக் காற்சட்டை வைத்துவிடுங்கள்.

பாதையை நடந்து காட்டுங்கள். பாடசாலை தொடங்க முன் இரண்டு மூன்று தடவை கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். எந்த இடத்தில் தெருவைக் கடப்பது, எந்த வீட்டில் நாய், குளக்கட்டில் எந்தப் பக்கமாக நடப்பது என்று சொல்லுங்கள். எங்கள் மண்ணில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. எச்சரிக்கைப் பலகை உள்ள காணிக்குள் இறங்கக்கூடாது, தெரியாத இரும்புப் பொருளைத் தொடக்கூடாது என்பதை இந்த நடையிலேயே பழக்கிவிடுங்கள்.

பிரிந்திருந்து பழக்குங்கள். பாடசாலை விட்டுப் பிள்ளை தங்கப்போகிற வீட்டில் முதலில் அரை மணித்தியாலம், பிறகு ஒரு மணித்தியாலம், பிறகு ஒரு பகல் என்று விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுப் போங்கள். சொன்னபடி வாருங்கள். பாடசாலைக்கு முன்னரே பிள்ளைக்கு நம்பிக்கை வந்துவிடும்.

வகுப்பில் என்ன நடக்கிறது?

ஆண்டு ஒன்று என்றால் முதல் நாளே எழுத்தும் கணக்கும் என்று பயப்பட வேண்டாம். 1999ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்வி மறுசீரமைப்பில், ஆண்டு 1, 2 பிள்ளைகள் பெரும்பாலும் வழிகாட்டப்பட்ட விளையாட்டின் ஊடாகவும், அடுத்ததாகச் செயற்பாடுகள் ஊடாகவும் படிக்க வேண்டும், இருந்து எழுதும் வேலை குறைவாகவே இருக்க வேண்டும் என்று வகுக்கப்பட்டது. தொடக்க நாட்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன இயலும், என்ன உதவி தேவை என்று ஆசிரியர் விளையாட்டுகள் மூலம் இனங்காண்பார். அது பரீட்சை அல்ல. பிறகு கால்கோள் விழா வைத்து, பெரிய வகுப்புப் பிள்ளைகள் மாலை போட்டு வரவேற்பார்கள்.

அதனால் "பக்கத்து வீட்டுப் பிள்ளை அரிச்சுவடி முழுக்க எழுதுது" என்று மனம் சோர வேண்டாம். ஒரே வகுப்பில் இப்போதுதான் 5 வயது முடிந்த பிள்ளையும் இருக்கும், 6 வயதை எட்டப்போகிற பிள்ளையும் இருக்கும். இந்த வயதில் பத்துப் பதினொரு மாதம் பெரிய வித்தியாசம். ரியூசனுக்கு இப்போதே அனுப்பவும் வேண்டாம். பத்து மணித்தியாலம் அம்மாவைப் பிரிந்திருக்கிற பிள்ளைக்கு மிச்சமாக இருக்கிற நேரம் உங்களோடு இருப்பதற்கு.

பாடநூலும் சீருடைத் துணியும் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. மீதிச் செலவுக்கு, படம் போட்ட பைக்கும் மின்னுகிற சப்பாத்துக்குமாக லோன் எடுக்க வேண்டாம். அந்தக் கடன் பிள்ளை ஆண்டு இரண்டுக்குப் போன பின்னும் உங்கள் தலையில் நிற்கும்.

வகுப்பாசிரியரை முதல் நாளுக்கு முன் ஒருதரம் தனியாகச் சந்தித்துப் பேசுங்கள். குடும்ப நிலையை அவர் அறிந்திருக்க வேண்டும். அப்பா இறந்துவிட்டாரா, பிரிந்திருக்கிறாரா, வெளிநாட்டிலா என்று தெரியாமல், "அப்பா என்ன வேலை?" என்று வகுப்பு முழுவதையும் கேட்டால் உங்கள் பிள்ளை தலை குனிந்து நிற்கும். "எனது குடும்பம்" என்று படம் கீறச் சொல்வார்கள். அப்போது என்ன சொல்லலாம் என்று நீங்களும் பிள்ளைக்கு ஒரு சிறிய வசனம் சொல்லிக் கொடுத்து வையுங்கள். "எங்கட வீட்டில அம்மா, அம்மம்மா, நான்" என்பது முழுமையான விடைதான்.

வீட்டுக்கு வந்த பிறகு

வாசலில் கூட்டிப் போகிறவர் ஒரே ஆளாக இருப்பது நல்லது. அவருடைய பெயரை ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள். "அம்மா சொன்ன ஆளைத் தவிர வேறு யார் கூப்பிட்டாலும், இனிப்புத் தந்தாலும் போகக்கூடாது" என்று பிள்ளைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஒரே ஒழுங்கையில் நாலு தாய்மார் இருந்தால் முறை வைத்துக்கொள்ளலாம். ஒருநாள் ஒருவர் நாலு பிள்ளைகளையும் கூட்டி வருவார். மற்ற மூவரும் கூலியை இழக்கத் தேவையில்லை. எந்த நாள் யார் முறை என்று பிள்ளைக்கு முதல் நாள் இரவே சொல்லுங்கள்.

காலையில் வெறும் வயிற்றோடு அனுப்ப வேண்டாம். பயறும் தேங்காய்ப்பூவும், குரக்கன் புட்டு, முட்டை, கஞ்சி என்று வீட்டில் இருப்பது போதும். பாடசாலையில் சாப்பாடு தந்தாலும் அந்த நேரம்வரை குட்டி வயிறு தாங்காது.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளை காரணமில்லாமல் சினக்கும், அழும், தம்பியை அடிக்கும். காலை முழுவதும் அடக்கி வைத்ததை இறக்கி வைக்கிறது. தண்ணீர் கொடுங்கள், சாப்பாடு கொடுங்கள், கொஞ்சம் சரிய விடுங்கள். வந்த கையோடு "இன்டைக்கு என்ன படிச்சனீ?" என்று விசாரிக்க வேண்டாம். இரவு பாயில் படுத்திருக்கும்போது தானாகவே சொல்லும். தொழிற்சாலையால் களைத்து வருகிற அம்மாவாக இருந்தாலும் அந்தக் கால் மணித்தியாலத்தைப் பிள்ளைக்கே வைத்துவிடுங்கள்.

"குழப்படி செய்தால் ரீச்சரிட்டச் சொல்லி அடிக்கச் சொல்லுவன்" என்று எந்தப் பெரியவரும் வெருட்டக்கூடாது. பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. ஆசிரியரைப் பூச்சாண்டியாகக் காட்டிவிட்டு, பிறகு அவரிடம் சிரித்துக்கொண்டு போ என்றால் பிள்ளை எப்படிப் போகும்?

எப்போது உதவி தேட வேண்டும்?

முதல் இரண்டு மூன்று கிழமை காலையில் அழுவது, வயிறு வலிக்கிறது என்பது, இரவில் பாய் நனைப்பது எல்லாம் பல பிள்ளைகளுக்கு வருவதுதான். மெல்ல மெல்லக் குறைய வேண்டும். ஒரு மாதம் கடந்தும் குறையவில்லை, அல்லது கூடுகிறது, பிள்ளை பேச்சைக் குறைத்துவிட்டது, சாப்பிட மறுக்கிறது, இரவில் அலறி எழும்புகிறது என்றால் பொறுத்திருக்க வேண்டாம். முதலில் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். பிறகு உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ, வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கோ வழிகாட்டுவார். காதோ கண்ணோ குறைபாடாக இருந்தாலும் பிள்ளை பாடசாலையை வெறுக்கும். அதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

ஒரு குறிப்பிட்ட ஆளையோ இடத்தையோ கண்டு மட்டும் பிள்ளை நடுங்கினால், உடம்பில் காயம், கண்டல் இருந்தால், அதைப் பிடிவாதம் என்று நினைத்து அடிக்க வேண்டாம். அமைதியாகக் கேளுங்கள். சொல்வதை நம்புங்கள். பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் போகலாம். 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

எங்கள் மனதுக்கும் ஒரு சொல்

இன்று பிள்ளையை ஆண்டு ஒன்றில் விடுகிற தாய்மார் பலர் யுத்த காலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்கள். உங்களில் சிலருக்கு மாலையும் இல்லை, விழாவும் இல்லை. படித்துக்கொண்டிருந்த வகுப்பில் இருந்து பங்கருக்கு ஓடியவர்கள் இருக்கிறீர்கள். காலையில் விட்டுப்போன வீட்டுக்கு மாலையில் திரும்பாதவர்களும் இருக்கிறீர்கள். அதனால் பிள்ளை கண்ணுக்கு மறைந்ததும் நெஞ்சு அடித்துக்கொள்வது இயல்பு. அது உங்கள் பலவீனம் அல்ல. ஆனால் அந்தப் பயம் உங்களுடையது. பிள்ளையின் புத்தகப் பைக்குள் அதையும் வைத்து அனுப்ப வேண்டாம். பிள்ளையிடம் சிரித்துச் சொல்லிவிட்டு, ஒழுங்கை திரும்பிய பிறகு அழுங்கள். தனியாக அழாமல் உங்களைப் போன்ற இன்னொரு தாயோடு இருந்து பேசுங்கள். மனம் மிகவும் பாரமாக இருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தில் பேசலாம், அல்லது கிளினிக்கில் உளவளத்துணையாளரைக் கேட்கலாம்.

இன்றே ஒரு சின்ன வேலை செய்யுங்கள். கடைக்குப் போகும்போது பிள்ளையிடம், "அம்மா கடைக்குப் போயிட்டு வாறன், சீனி வாங்கிக்கொண்டு வருவன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். வந்ததும், "பார், சொன்ன மாதிரி வந்திட்டன்" என்று சொல்லுங்கள். இதைத் தினமும் செய்யுங்கள். பாடசாலை வாசலில் உங்களுக்குக் கைகொடுக்கப்போவது இந்தச் சொல்தான்.

அடுத்த இதழில் சந்திப்போம்.